கெய்ரோ: டாக்ஸிக்கு 200 பவுண்டு, ஓவியருக்கு ஒரு கேள்வி

முதலில் ஓர் எச்சரிக்கை. கெய்ரோவில் அம்ர் இப்னுல் ஆஸ் பள்ளிவாசலுக்கு டாக்ஸியில் போகாதீர்கள். தஹ்ரீர் சதுக்கத்தில் ஏறினேன். மீட்டர் ஓடவில்லை. இறங்கும்போது 300 எகிப்திய பவுண்டு கேட்டார் ஓட்டுநர். அவருடைய அரபியும் என் கைஜாடையும் மல்லுக்கட்டியதில் 200 கொடுத்துத் தொலைத்தேன். நடந்துபோகும் தூரத்தில் மார் கிர்கிஸ் மெட்ரோ நிலையம் இருப்பது திரும்பும்போதுதான் தெரிந்தது. அங்கிருந்து தஹ்ரீருக்கு நான்கே நிறுத்தம், சில்லறைக் காசு! வயிறு எரிந்தது.

இத்தனைக்கும் காரணம் ஓர் ஓவியம். பிரெஞ்சுக்காரரான ஜெரோம் 1871இல் வரைந்த 'மசூதியில் தொழுகை'யை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் முன்பு பார்த்திருந்தேன். இதே பள்ளிவாசல்தான். தூண்கள், தொழ நிற்கும் ஒரு பிரமுகர், அவருடைய ஆட்கள். கூடவே வெறும் கோவணத்துடன் ஒரு ஃபக்கீர், அதாவது துறவி. ஜெரோம் 1868இல் எகிப்துக்கு வந்துபோனவர். துணி மடிப்புகூட அச்சு அசலாக இருப்பதால் எல்லாவற்றையும் நம்பிவிடுகிறோம். ஆனால், தொழும் ஆண் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்திருக்க வேண்டும் என்று மதரஸாவில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோவணக்காரரை எந்த ஜமாஅத்தில், எந்தக் கூட்டுத் தொழுகையில் பார்த்தீர்கள், ஐயா?

ஆப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல் என்று சொல்லப்படுவது இது. 641-642இல் ஈச்சமரத் தூண்களோடு எழும்பியது. அந்தப் பழைய கட்டடம் இப்போது இல்லை, பலமுறை மாற்றிக் கட்டிவிட்டார்கள். இருந்தும் உள்ளே நுழைந்ததும் அந்தத் தூண் வரிசைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

தூரத்தில் நின்று ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம். அதற்குள் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஒளுச் செய்துவிட்டு, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிவிட்டு, வரிசையில் நிற்க ஓடினேன். இடப்பக்கம் பள்ளிச் சீருடையில் ஒரு பையன். வலப்பக்கம் எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஒரு மெக்கானிக், இடைவெளி விடாதே என்று என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். யாருடைய கைபேசியோ அலறியது. இமாமுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஜெரோமின் காட்சியில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. முன்னால் நின்றவரின் வியர்த்த முதுகுதான் தெரிந்தது.

படம் எடுக்கவும் மறந்துபோனேன். செருப்பைப் பார்த்துக்கொண்டவருக்கு 20 பவுண்டு. டாக்ஸியில் விட்டதை ஈடுகட்ட இரவுக்குக் கோஷரி: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே மொறுமொறு வெங்காயம். பூண்டு வினிகரை மட்டும் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.