தமிழ்க் கோப்புப் பெயரும் கிட்டும்: வீணான இரண்டு மாலைகள்

பள்ளிப் பிள்ளைகளுக்காக நானும் என் தோழியும் தொகுத்துவரும் குறள் கையேட்டை மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு முறையில் எழுதி, கோப்புகளின் மாற்றங்களை வரலாறாகச் சேமித்துவைக்கும் கிட் என்னும் மென்பொருள் மூலம் பராமரிப்பது என்று சென்ற மாதம் முடிவுசெய்தோம். கிட்டை நிறுவியதும் முதல் கமிட்டும் (மாற்றங்களின் பதிவு) அரை மணி நேரத்தில் முடிந்தன. கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் தளத்துக்குப் புஷ் செய்யும்போதுதான், அதாவது அனுப்பும்போதுதான், முதல் தடை வந்தது. தளத்தில் நுழையும் கடவுச்சொல் மூன்று முறை மறுக்கப்பட்ட பிறகே, அந்த இடத்தில் தளம் உருவாக்கித் தரும் டோக்கன் என்னும் நீண்ட ரகசியக் குறியீட்டைக் கொடுக்கவேண்டும் என்று அறிந்தேன். டோக்கன் ஒரே ஒரு முறைதான் காட்டப்படும். முதல் டோக்கனை நகலெடுக்காமல் பக்கத்தை மூடிவிட்டேன். இரண்டாவதற்கு எழுதும் உரிமையைக் குறிக்கவில்லை. மூன்றாவதுதான் வேலை செய்தது. நகலெடுத்ததையும் உரிமையைக் குறித்ததையும் சரிபார்க்காமல் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறாதீர்கள்.

பெரிய துன்பம் அடுத்த வாரம் வந்தது. கல்வி அதிகாரத்துக்கான கோப்பைத் திருத்திவிட்டு மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தபோது, ‘கல்வி’ என்ற பெயர் இருக்கவேண்டிய இடத்தில் \340\256\225 என்று தொடங்கும் எண் வரிசை நின்றது. கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்சி, இணையத்தில் கண்ட ஓர் அறிவுரையை நம்பி, ‘.கிட்’ என்னும் மறைவான கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். அதுவரை செய்த அத்தனை கமிட்டுகளும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உண்மையில் கோப்புக்கு எதுவும் ஆகவில்லை. ஆங்கில எழுத்தல்லாத பெயர்களை கிட் இயல்பாகவே பைட் எண்களாக, அதாவது கணினி அவற்றைச் சேமிக்கும் எண்களாக, மாற்றிக் காட்டுகிறது. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யுனிகோடு முறையில் ‘கல்வி’ என்பது புள்ளியையும் விசிறியையும் (‘வி’யின் இகரக் குறி) தனித்தனியாகச் சேர்த்து ஐந்து குறிகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் என்பதால், மூன்றெழுத்துச் சொல் 15 எண்களாக நீண்டுவிட்டது. கிட் கான்ஃபிக்கில் (கிட்டின் அமைப்புகளில்) ‘கோர்.கோட்பாத்’ (core.quotepath) என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றியவுடன் பெயர் தமிழிலேயே தெரிந்தது. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடவேண்டும்.

நான் இதை அறிவதற்குள் இன்னொரு மாலையும் போயிற்று. புதிதாகத் தொடங்கிய களஞ்சியத்திலிருந்து (கிட் பராமரிக்கும் கோப்புறையிலிருந்து) புஷ் செய்தால் தளம் மறுத்தது. அங்கிருப்பதை இழுத்துச் சேர்க்க முயன்றால், இரண்டும் தொடர்பற்ற வரலாறுகள் என்று கிட் மறுத்தது. வலுக்கட்டாயமாக அனுப்பும் ‘ஃபோர்ஸ்’ சேர்த்துப் புஷ் செய்யும்படி பலர் எழுதியிருந்தார்கள். நல்ல வேளையாகத் தோழியிடம் தொலைபேசியில் கேட்டேன். “வேண்டாம், அங்கே இருக்கும் பழைய வரலாற்றின் மேல் உங்களுடைய புதியது ஏறிவிடும், வேறொரு கோப்புறையில் குளோன் செய்து, அதாவது அங்கிருப்பதை முழுமையாக நகலெடுத்து, பாருங்கள்” என்றார். செய்தேன். அழிந்துவிட்டதாக நான் வருந்திய 14 கமிட்டுகளும் அப்படியே இருந்தன. திருத்திய கோப்பை அதற்குள் நகலெடுத்து, கமிட் செய்து, அனுப்பினேன். அன்றிரவுதான் நிம்மதியாக உறங்கினேன்.

மார்க்டவுன் எளிது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது செய்யுளுக்கென்று அமைந்ததன்று. குறளின் இரண்டு அடிகளும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டன. முதல் அடியின் இறுதியில் இரண்டு இடைவெளிகள் விடவேண்டும் என்றார்கள், விட்டேன். கோப்பைச் சேமிக்கும்போது என் எடிட்டர் அவற்றை நீக்கிவிட்டது. அடியின் இறுதியில் பின்சாய்கோடு (\) இடுவதே நிலைத்தது.

இன்னொரு பிழையை அச்சுப்படியில் ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள். 391, 392, 396 ஆகிய குறள்களை எண்ணும் புள்ளியும் இட்டு அடுத்தடுத்து எழுதியிருந்தேன். மார்க்டவுன் அதை எண்ணிட்ட பட்டியலாகக் கருதி, முதல் எண்ணை மட்டும் ஏற்று, மற்றவற்றைத் தானே எண்ணியதால் 396ஆம் குறள் 393 ஆகிவிட்டது. எண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு பின்சாய்கோடு இட்டால் எழுதிய எண் மாறாது. எல்லா அதிகாரங்களிலும் இதைத் திருத்தி, மறுநாளே புதிய படிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பழையவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.