ஆளுக்கு ஆறு படம்

எங்கள் பள்ளிக்கூடப் புகைப்படக் கழகத்தில் பிலிம் பங்குபோட ஒரு கணக்கு இருந்தது. ஒரு சுருளில் 36 படம், நாங்கள் ஆறு பேர், ஆளுக்கு ஆறு. கமராவும் ஒன்றுதான். உன் ஆறு முடியும்வரை எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். முடிந்தால் முடிந்ததுதான். கழகத்துக்குப் பொறுப்பாயிருந்த சேரே எங்களுக்குச் சமயபாடமும் எடுத்தார். அதனால் இரண்டும் என் மண்டைக்குள் இன்றுவரை கலந்துபோய்க் கிடக்கின்றன. சங்கம் வெளியிடும் மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டபோது முதலில் ஞாபகம் வந்தது அந்த ஆறு படக் கணக்கு.

ஒருநாள் சமயபாட வகுப்பில் ஒருத்தன் எழும்பினான். "சேர், முதலாம் நாளே வெளிச்சம் உண்டாச்சு எண்டு ஆதியாகமத்தில இருக்கு. சூரியனைப் படைச்சது நாலாம் நாள். அப்ப முதல் மூண்டு நாளும் வெளிச்சம் எங்கையிருந்து வந்தது?"

சேர் பதில் சொல்லவில்லை. "சனிக்கிழமை விடியப்புறம் மைதானத்துக்கு வாங்கோ. கமராவை மறக்க வேண்டாம்" என்றார்.

போனோம். கும்மிருட்டு. புல்லில் நடந்து காலுறை ஊறிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் கிழக்கே ஒரு சாம்பல் கோடு. அது மெல்ல நீலமாகி, கோல்கம்பம் வேறு, அதற்குப் பின்னால் மரங்கள் வேறு என்று பிரிந்து தெரியத் தொடங்கியது. எதற்கும் நிழல் இல்லை. சூரியனையும் காணவில்லை. "இப்ப சொல்லு, இது எங்கையிருந்து வருது?" என்று சேர் கேள்வி கேட்டவனையே திருப்பிக் கேட்டார். சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆறு பாகைக்குள் வந்துவிட்டாலே போதும், மேல்வளியில் பட்டுச் சிதறும் ஒளியில் ஆளை ஆள் தெரியும் என்று பிறகு விளங்கப்படுத்தினார். ஆதியாகமத்துக்கு அது விடை இல்லை என்பதையும் அவரே சொன்னார். "நான் விடை சொல்லேல்லை தம்பி. காட்டினன், அவ்வளவுதான்."

நானோ அதற்குள் சாம்பல் கோட்டுக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று, கோல்கம்பத்தில் வந்திருந்த காகத்துக்கு ஒன்று என்று ஆறையும் முடித்திருந்தேன். அப்புறம்தான் சூரியன் எழும்பியது. வெளிச்சம் தரையோடு தரையாகப் படுத்து வந்து ஒவ்வொரு புல்லின் நுனியிலும் ஒரு பொட்டு நெருப்பை வைத்துவிட்டுப் போயிற்று. "சேர், ஒண்டு, ஒண்டே ஒண்டு" என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. "சரி, இனிப் பார். பார்க்கிறதுக்கு பிலிம் தேவையில்லை."

எங்கே பார்க்கிறது! கண்ணெல்லாம் தண்ணீர்.

இருட்டறையிலும் எனக்கு அதே வியாதி. சிவப்பு விளக்கின் கீழ், டெவலப்பர் தட்டத்தில் தாளை அமிழ்த்தினால் முதலில் ஒன்றுமே நடக்காது. பிறகு கரிய இடங்கள் எட்டிப் பார்க்கும். படம் வந்துவிட்டது போலவே இருக்கும். அந்த நேரம் பார்த்துத் தூக்கினால் கறுப்பு கறுப்பாக இராது, சேற்றுத் திட்டாய் நிற்கும். நான் தூக்கப் போவேன், சேர் கையில் தட்டுவார். "தாளைத் தொடாதை. தட்டத்தை ஆட்டு." தட்டத்தின் ஒரு மூலையை உயர்த்தி இறக்கிக்கொண்டே நிற்பது எவ்வளவு சலிப்பான வேலை தெரியுமா?

பொறுமையாயிருந்தால் நல்ல படம் கிடைக்கும் என்று சொல்வார்கள். விசுவாசத்தைப் பற்றியும் அதே பேச்சுத்தான்: காத்திரு, கர்த்தர் தருவார். இந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்கில் எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்க் கனகாலம். இங்கே ஓர் ஏரிக்கரையில் மூன்று இலையுதிர்காலம் முக்காலியோடு நின்றிருக்கிறேன். மூட்டம், மூட்டம், மூட்டம். மூன்றாம் வருடம் முகில் ஒரு நிமிடம் விலகியது. என் பற்றரி குளிரில் செத்துப்போயிருந்தது. அப்போதுதான் காரைவிட்டு இறங்கி வந்த ஒருவர் கைபேசியை நீட்டிப் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இயேசு சொன்ன உவமையில் மணவாளனுக்குக் காத்திருந்தும் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோகாத ஐந்து கன்னிகைகளோடு ஆறாவதாக நானும் நின்றேன். தீயோர்மேலும் நல்லோர்மேலும் அவர் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார் என்று மலைப்பிரசங்கத்தில் இருப்பதை அதுவரை யாரோ தீயவருக்கான சலுகை என்றே படித்திருந்தேன். அந்த வெளிச்சம் என் மூன்று வருடத்துக்கான கூலி இல்லை. அவருடைய கைபேசிக்கான கூலியும் இல்லை.

அப்படியானால் காத்திருந்து என்ன பயன்? அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் அன்சல் அடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் காரில் கடந்துகொண்டிருந்தார். கிழக்கே நிலா எழும்பியிருந்தது, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில். பெரிய கமராவை அவசரமாக நிறுத்திப் பார்த்தால் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியைக் காணவில்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 மெழுகுதிரி என்ற பழைய அளவு மனதில் இருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதுக்கு பிலிம் தட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளில் வெளிச்சம் போய்விட்டது. (அது எந்த வருடம் என்று அவருக்கே சரியாக நினைவில்லை. பிற்பாடு வானியல் கணக்குப் போட்டவர்கள் நிலா நின்ற இடத்தை வைத்துத்தான் நாளைப் பிடித்தார்கள்.) 1916இல், 14 வயதில், பெட்டிக் கமராவோடு கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதிக்குப் போனவர் அவர். அந்த 250 நாவில் வந்து நிற்க 25 வருடம் ஆகியிருக்கிறது. வெயிலை அவர் வரவழைக்கவில்லை. வந்தபோது அங்கே இருந்தார்.

அந்திவானப் படத்துக்குக் கீழே 'வானங்கள் தேவனுடைய மகிமையை' என்ற சங்கீத வசனத்தை எழுதாமல் எங்கள் ஆட்களால் இருக்க முடியாது. எனக்கு அதில் கொஞ்சம் கூச்சம். தீர்க்கதரிசி எலியாவுக்குக் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லையே. மழைக்கால மத்தியானச் சாம்பலுக்குக் கீழேயும் அந்த வசனத்தை ஒருவர் எழுதட்டும், பார்ப்போம்.

சாம்பல் நாட்களில் நான் லென்ஸின் முன்னால் பத்து ஸ்டொப் கறுப்புக் கண்ணாடியைப் போடுவேன். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும். 1/30 நொடியில் எடுக்க வேண்டிய படம் 34 நொடி கேட்கும். கமரா தானாக எண்ணுவது 30 வரைதான், அதற்கு மேலே என்றால், அழுத்திப் பிடிக்கும்வரை திறந்திருக்கும் பல்ப் முறையில் வைத்து நானே எண்ண வேண்டும். எண்ணுவதில்லை. கேபிளை அழுத்திப் பிடித்தபடி பரமண்டல ஜெபத்தை அவசரப்படாமல் ஒருமுறை சொன்னால் ஏறத்தாழச் சரியாக வரும். 'ஆமென்' என்றதும் விரலை எடுப்பேன். சில நாள் பாதியில் மனம் எங்கோ போய்விடும். படம் வெளிறிப்போவதில் அது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை நெகட்டிவ் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் ஐந்து படம் ஏறத்தாழ வெறும் பிளாஸ்டிக். ஆறாவதில் காகம் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது.

நாளை முழுக்க முகில் என்கிறது வானிலை அறிவிப்பு. அலாரம் நாலரைக்கு வைத்தாயிற்று. இரண்டு பற்றரியும் சட்டையின் உள்பையில் இருக்கின்றன.