ஃபீட்டைக் குறைத்தேன், டியூப் லூசானது

டியூபின் சுவரை ரோலரால் அழுத்தி மெலியவைத்து நீட்டும் ஃப்ளோ ஃபார்மிங் மெஷினில் நான் முதன்முதலாகத் தனியாக செட்டிங் போட்ட அன்று, ஜாப் முடிந்ததும் டியூப், அதன் உள்ளே இருக்கும் மாண்ட்ரல் என்ற எஃகுத் தண்டிலிருந்து கையாலேயே உருவ வந்துவிட்டது. வழக்கமாக அது மாண்ட்ரலைக் கவ்விக்கொண்டு நிற்கும், ஸ்ட்ரிப்பர் போட்டுத் தள்ளினால்தான் அசையும். இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று உள்விட்டம் அளக்கும் போர் கேஜை உள்ளே விடும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். 100 மி.மீ. இருக்கவேண்டிய உள்விட்டம் 100.6 காட்டியது.

சரி, ரோலர் ரொம்ப வேகமாக ஓடிவிட்டது போல, உலோகத்துக்குப் படிய நேரம் கிடைக்கவில்லை என்று நானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து ஃபீட்டை (ஒரு சுற்றுக்கு ரோலர் நீளவாக்கில் நகரும் தூரம்) பாதியாகக் குறைத்தேன். அடுத்த டியூப் 100.9. இன்னும் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மெஷினில் இருந்த மூத்த ஆபரேட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஃபீட்டை ஏத்திப் பாரு" என்றார். ஏற்றினேன். டியூப் மாண்ட்ரலைக் கவ்வியது. ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 'ஏன்' எனக்குப் புரிய நாளாயிற்று.

பழக்கமில்லாதவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டியான சுவர் கொண்ட குட்டையான ஒரு டியூபை (பிரிஃபார்ம் என்போம்) கடினப்படுத்திய எஃகு மாண்ட்ரலில் மாட்டிச் சுழற்றுவோம். வெளியிலிருந்து ரோலர்கள், பெரும்பாலும் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று, அதை அழுத்திக்கொண்டே நீளவாக்கில் நகரும். சுவர் மெலியும், டியூப் நீளும். பார்க்க லேத் மாதிரி இருக்கும், ஆனால் ஒரு சுருள்கூடக் கீழே விழாது. போன உலோகம் எல்லாம் நீளத்துக்குத்தான் போயிருக்க வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது.

அந்த நீளக் கணக்கிலும் ஒரு சின்ன சறுக்கல் உண்டு. உள்விட்டம் 100, சுவர் 9, நீளம் 200 மி.மீ. உள்ள பிரிஃபார்மை 3 மி.மீ. சுவருக்குக் கொண்டுவருகிறோம். சுவர் மூன்றில் ஒன்றானால் நீளம் மூன்று மடங்கு, அதாவது 600 என்றுதான் யாரும் சட்டென்று சொல்வோம். வருவது 635. சுவர் மெலியும்போது சராசரி விட்டமும் 109-லிருந்து 103-க்கு இறங்குகிறது, அந்த மிச்சமும் நீளத்தில்தான் சேரும்.

இப்போது அந்த 'ஏன்'. கல்லூரி லேபில் ஒரு சோதனை செய்வோம், இன்றும் எனக்குப் பிடித்தது அதுதான். வெளிவிட்டம் 60, உள்விட்டம் 30, உயரம் 20 மி.மீ. என ஒரே அளவில் இரண்டு அலுமினிய வளையங்கள். ஒன்றுக்கு நன்றாக உயவு தடவி, இன்னொன்றை வறட்டுத்தனமாக அப்படியே பிரஸ்ஸில் வைத்து அமுக்க வேண்டும். உயவு போட்டதில் நடு ஓட்டை பெரிதாகும். உயவில்லாததில் அதே ஓட்டை சுருங்கும்! வெளியே போகும் வழியை உராய்வு அடைத்துவிட்டதால் உட்பக்க உலோகம் நடுவை நோக்கித் திரும்பிவிடுகிறது. கொடுத்த அழுத்தம் ஒன்றுதான், எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. மேட்டில் ஏறாமல் பள்ளம் தேடும் தண்ணீரைப் போலத்தான் குளிர்ந்த உலோகமும், என்ன, டன் கணக்கில் அமுக்கினால்தான் அசையும்.

தகட்டை உருளைகளுக்கு நடுவே விட்டால் நீளமாகிறது, அகலம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. காரணமும் இதேதான். உருளை தகட்டைத் தொடும் பட்டை அகலவாக்கில் நீளம், ஓடும் திசையில் குறுகல். உலோகம் குறுகிய பக்கமாகத் தப்பிக்கிறது.

ஃப்ளோ ஃபார்மிங்கிலும் ரோலர் டியூபைத் தொடுவது ஒரு சின்னத் திட்டில்தான். அந்தத் திட்டு சுற்றுவாக்கில் நீண்டும் நீளவாக்கில் குறுகியும் இருந்தால், உலோகத்துக்கு நீளவாக்கில் ஓடுவதுதான் சுலபம், நமக்கு வேண்டியதும் அதுதான். நான் ஃபீட்டைக் குறைத்தபோது நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு சுற்றிலும் ரோலர் கடிக்கும் ஆழம் குறைந்துபோனது. ஆழம் குறைந்ததால் சுற்றுவாக்கில் தொடும் நீளமும் சுருங்கியது. நீளவாக்கில் தொடும் நீளமோ ரோலரின் சாய்வையும் சுவர் எவ்வளவு மெலிகிறது என்பதையும் பொறுத்தது, அது மாறவே இல்லை. ஆக, உலோகத்துக்குச் சுற்றுவாக்கில் போவது முன்பைவிட வசதியாகிவிட்டது. சுற்றுவாக்கில் ஓடினால் சுற்றளவு கூடும், சுற்றளவு கூடினால் விட்டம் கூடும், டியூப் மாண்ட்ரலை விட்டு விலகும்.

இன்னும் எளிதாகச் சொன்னால், ஃபீட்டைக் குறைத்துக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் நிறுத்தினால் ரோலர் ஒரே இடத்தில் நின்று சுழலும் வளையத்தை மெலிய வைக்கும், வளையம் விரிந்துகொண்டே போகும். அதற்குப் பெயர் ரிங் ரோலிங், பெரிய பேரிங் வளையங்களை வேண்டுமென்றே அப்படித்தான் பெரிதாக்குகிறார்கள். நான் மென்மையாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு ஃப்ளோ ஃபார்மிங் மெஷினில் ரிங் ரோலிங் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இதற்காக ஃபீட்டைக் கண்டபடி ஏற்றவும் முடியாது. வெளிப்பக்கம் திருகு மறை போட்டது மாதிரி சுருள் கோடுகள் விழும், ரோலருக்கு முன்னால் உலோகம் அலையாகக் குவியும், அந்தக் குவியல் மடிந்து செதில் செதிலாக உரியவும் செய்யும், டியூப் மாண்ட்ரலை இறுக்கிப் பிடித்துக் கழற்றும்போது உள்பக்கம் கீறலும் விழலாம். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது, அதை ஒவ்வொரு உலோகத்துக்கும் ட்ரையல் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். சார்ட் பார்த்து முதல் ஜாப்பிலேயே பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஃப்ளோ ஃபார்மிங்கில் ஃபார்வர்டு, பேக்வர்டு என்று இரண்டு வகை இருப்பதும் ஓட்டம் எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான். ஃபார்வர்டில் ரோலர் போகும் திசையிலேயே உலோகமும் முன்னால் தள்ளப்படும், ஃபார்ம் ஆன சுவர் அப்படியே நிற்கும், ஆகவே ரோலர் முழு 635 மி.மீ. தூரமும் போயாக வேண்டும். பேக்வர்டில் உலோகம் ரோலருக்கு அடியில் புகுந்து எதிர்த்திசையில் வெளியே வரும். ரோலர் பிரிஃபார்மின் 200 மி.மீ.யைக் கடந்தால் போதும், மாண்ட்ரலும் குட்டையாக இருக்கலாம். ஆனால் சுதந்திரமாக வெளியே வரும் முனை மணிவாய் மாதிரி விரிந்துகொள்ளும், அதை வெட்டி எறிய வேண்டியதுதான். துல்லியம் முக்கியம் என்றால் நான் ஃபார்வர்டையே எடுப்பேன்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்நிலையில் உலோகத்தை உருமாற்றச் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும் என்பதை டெய்லர், குவின்னி என்ற இரு ஆய்வாளர்கள் 1934-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். கூலன்ட் கொட்டிக்கொண்டே இருந்தாலும் மாண்ட்ரல் மெல்ல சூடேறும். 100 மி.மீ. எஃகு மாண்ட்ரல் 40 டிகிரி ஏறினால் விட்டம் ஏறக்குறைய 0.05 மி.மீ. கூடும். காலையில் போட்ட முதல் டியூபும் மதியம் போட்டதும் ஒரே உள்விட்டம் காட்டாதபோது, செட்டிங்கில் கைவைக்கும் முன் மாண்ட்ரலைத் தொட்டுப் பாருங்கள். இது அனுபவப்பட்டுச் சொல்வது.

304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு வேடிக்கை. பிரிஃபார்மில் காந்தம் ஒட்டாது. அதையே ஃபார்ம் செய்து முடித்தபின் வைத்தால் பொத்தென்று ஒட்டும். உருமாற்றத்தில் ஆஸ்டெனைட்டின் (காந்தம் ஒட்டாத படிக அமைப்பு) ஒரு பகுதி மார்ட்டென்சைட் (காந்தம் ஒட்டும் அமைப்பு) ஆகிவிடுகிறது. மெட்டீரியல் மாறிவிட்டது என்று சரக்கையே திருப்பி அனுப்பப் பார்த்தவர்கள் உண்டு.

அப்புறம், டியூப்களின் நீளம் ஒன்றுக்கொன்று மாறுகிறது என்று மெஷின் புரோகிராமில் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) தேடிக் குடையாதீர்கள். ரோலருக்கும் மாண்ட்ரலுக்கும் இடையே உள்ள சந்து மாறாது, அதனால் இறுதிச் சுவர் 3 மி.மீ.யாகவே நிற்கும். பிரிஃபார்மில் கூடுதலாக உள்ள உலோகம் அத்தனையும் நீளத்துக்குப் போய்விடும். மேலே சொன்ன கணக்கில் பிரிஃபார்ம் சுவர் 9-க்குப் பதில் 9.1 இருந்தால் போதும், டியூப் ஏழெட்டு மி.மீ. நீண்டுவிடும். இப்போதெல்லாம் டியூப்களை வரிசையாக நிற்கவைத்து, எது உயரமாக நிற்கிறதோ அதன் பிரிஃபார்ம் எந்த லேத்தில் டர்னிங் ஆனது என்றுதான் முதலில் கேட்கிறேன்.