முத்திரையை நம்பாதே, கூட்டிப் பார்: மாட் கோப்புகளோடு ஒரு மல்லுக்கட்டு

அமிகா கணினியின் மாட் இசைக் கோப்புகளைப் படிக்க பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதிவருகிறேன். 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி உருவாக்கிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற இசையமைப்பு மென்பொருளில் பிறந்த வடிவம் இது. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து நீட்டிவிட்டார்கள்.

வழக்கமான கோப்பு எளிதில் வசப்பட்டது. பாடலின் பெயருக்கு 20 பைட், 31 சாம்பிள்களின் (சிறு ஒலித்துண்டுகளின்) விவரங்களுக்குத் தலா 30, பாடல் நீளம் முதலியவற்றுக்கு 2, பேட்டர்ன்கள் (இசைக்குறிப்புத் தொகுதிகள்) ஒலிக்க வேண்டிய வரிசைக்கு 128. ஆக 1080 பைட் தாண்டியதும் 'எம்.கே.' என்ற முத்திரை நிற்கிறது. (பாகவதர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) சாம்பிள் நீளத்தை இரண்டிரண்டு பைட்டாக எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

வம்பு அதற்குப் பிறகுதான். பழைய கோப்புகளில் 15 சாம்பிள்களே உண்டு. முத்திரையே கிடையாது, 600 பைட் தாண்டியதுமே பேட்டர்ன்கள் தொடங்கிவிடுகின்றன. இன்னொரு வகை, வாவ் (WOW) கோப்பு. முத்திரை 'எம்.கே.', அதாவது நான்கு சேனல் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் தடங்கள்) என்கிறது, உள்ளே இருப்பதோ எட்டுச் சேனல்! பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் தலைப்பகுதியை எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் நான்கு சேனல் கோப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

கைகொடுத்தது கூட்டல் கணக்கு. நான்கு சேனல் என்றால் ஒவ்வொன்றிலும் 64 வரி, ஒரு குறிப்புக்கு 4 பைட், ஆக ஒரு பேட்டர்ன் 1024 பைட். எட்டு என்றால் 2048. தலைப்பகுதி, பேட்டர்ன்கள், சாம்பிள்கள் எல்லாவற்றையும் கூட்டி, கோப்பின் அளவோடு எது பொருந்துகிறதோ அதுவே உண்மை. இதில் ஒரு நுணுக்கம்: பேட்டர்ன் எண்ணிக்கைக்கு, பாடல் நீளம் வரை பார்த்தால் போதாது. பேட்டர்ன் வரிசையின் 128 இடங்களிலும் உள்ள பெரிய எண்ணைக் கண்டுபிடித்து ஒன்று கூட்ட வேண்டும். இசைக்கப்படாத பேட்டர்ன்களும் கோப்பில் குடியிருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் சாம்பிள்கள் எல்லாம் இடம் மாறி வெறும் இரைச்சலாகிவிடும்.

இப்போது மல்லுக்கு நிற்பது லூப் தொடக்கம், அதாவது சாம்பிளில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பகுதி தொடங்கும் இடம். பழைய 15 சாம்பிள் கோப்புகளில் அது பைட் கணக்கு, புதியவற்றில் இரண்டிரண்டு பைட் கணக்கு. ஆனால் பழைய உருவில் இருப்பவை எல்லாம் பழைய கணக்கைப் பின்பற்றுவதில்லை. தொடக்கத்தை இரட்டித்து, லூப் நீளத்தையும் சேர்த்தால் சாம்பிளின் நீளத்தை மீறுகிறதா என்று நிரல் பார்க்கிறது. மீறினால் பைட்டாகவே எடுத்துக்கொள்கிறது. மீறாத சின்னஞ்சிறு லூப்புகளை இரண்டு விதமாகவும் ஒலிக்கவிட்டுக் காதால் கேட்டுத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.