சுகர் 95 காட்டுது, இன்னிக்கு மாத்திரை போடலாமா?

காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்க்கிறீர்கள், மீட்டர் 95 காட்டுகிறது. நார்மல்தானே, மாத்திரை எதற்கு என்று கை தயங்கும். அந்த 95 நேற்றுப் போட்ட மாத்திரையின் வேலையும் சேர்ந்த கணக்கு. மாத்திரை இல்லாமல் உங்கள் உடம்பு எவ்வளவு காட்டும் என்பது அதில் தெரியாது. மீட்டருக்கும் பிசகு உண்டு. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரப்படி 100-க்குக் கீழே 15 புள்ளி வரை முன்னே பின்னே இருக்கலாம். ஆய்வகத்தில் பார்த்தால் அதே ரத்தம் 80 என்றும் வரலாம், 110 என்றும் வரலாம்.

ஆகவே அந்த ஒற்றை எண்ணை ஓரமாக வையுங்கள். பார்க்க வேண்டியது அட்டையின் பின்பக்கம். பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். பதில் அங்கேதான்.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் 95-ஐப் பார்த்துப் பயப்படவோ, மாத்திரையை நிறுத்தவோ தேவையில்லை. இரவெல்லாம் கல்லீரல் ரத்தத்துக்குள் விடுகிற குளுக்கோஸை அது மட்டுப்படுத்துகிறது. இன்சுலினைப் பிழிந்து எடுப்பதில்லை. அதனால் தனியாக எடுத்தால் லோ சுகர் வருவது அபூர்வம். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகையும் ஏறக்குறைய அப்படித்தான்: சர்க்கரை ஏறும்போது வேலை செய்யும், இறங்கினால் அடங்கிவிடும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வேறு ரகம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியே அனுப்புபவை இவை. இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்குக்கூட எழுதித் தருகிறார்கள். ‘சுகர் நார்மல்’ என்று நீங்களாக நிறுத்தினால் இதயத்துக்கான மருந்தையும் சேர்த்து நிறுத்தியதாகிவிடும். வாந்தி, பேதி, சாப்பிடவே முடியாத காய்ச்சல் என்றால் கதை தலைகீழ். அப்போது மருத்துவரிடம் சொல்லி இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். மீட்டரில் எண் பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடக்கூடும்.

உண்மையாகவே கவனம் வேண்டியது கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு கூட்டத்திடம். சர்க்கரை 250 இருந்தாலும் சரி, 85 இருந்தாலும் சரி, இவை கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே தள்ளும். எட்டு மணிக்கு கிளிமிபிரைடு 2 மி.கி. போட்டுவிட்டு, வேலை மும்முரத்தில் சாப்பாட்டைப் பத்தரைக்குத் தள்ளினால் என்ன ஆகும்? இன்சுலின் வந்துவிட்டது, உணவு வரவில்லை. முதலில் கை நடுக்கம், படபடப்பு, சட்டை நனைகிற வியர்வை. பிறகு பேச்சுக் குழறல், குழப்பம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து) எடுப்பவருக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம், வியர்வைதான் அடையாளம்.

ஆக, 95 இருந்து, உடனே வழக்கமான அளவு சாப்பிடப் போகிறீர்கள் என்றால் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடலாம். சாப்பாடு இல்லையென்றால் இந்த மாத்திரையும் இல்லை. 70-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைத் தொடவே வேண்டாம். 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஏறிய பிறகு சாப்பிட்டுவிட்டு, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே மருத்துவமனைதான்.

சிக்கலே கூட்டு மாத்திரையில்தான். ‘நான் மெட்ஃபார்மின்தான் போடுறேன்’ என்பவரின் அட்டையைத் திருப்பினால் பல நேரம் கிளிமிபிரைடும் உள்ளே உட்கார்ந்திருக்கும். எஸ்ஆர் (மருந்தை மெதுவாக வெளியிடும் வகை) என்று போட்டிருந்தால் நசுக்கவும் மெல்லவும் கூடாது.

மாத்திரையை விட்டுப் பார்த்தவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மெட்ஃபார்மினை நிறுத்திய மறுநாளும் 100, மூன்றாம் நாளும் 105. ‘பாத்தியா, சுகரே போயிடுச்சு’ என்று தோன்றும். மருந்தின் விளைவு தேய நாளாகும். பல வாரம் கழித்துத்தான் உண்மை நிலவரம் தெரியும். அதற்குள் மீட்டர் அலமாரிக்குப் போயிருக்கும்.

முறையாகக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. எடை நன்றாகக் குறைந்தவருக்கும், வயதாகிச் சாப்பாடு சுருங்கியவருக்கும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் பழைய டோஸ் அதிகம்தான். 72, 68 என்று அடிக்கடி வந்தால் அடுத்த செக்கப்வரை காத்திருக்காதீர்கள். கடந்த இரண்டு வாரத்தில் வெறும் வயிற்றிலும், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்திலும் பார்த்த எண்களை எழுதிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் முதலில் குறைவது இன்சுலினும் கிளிமிபிரைடு வகையும், மெட்ஃபார்மின் கடைசியில். மாத்திரைகளை நிறுத்திக் குறைந்தது 3 மாதம் கழித்தும் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நோய் தணிந்திருக்கிறது என்று 2021-இல் வல்லுநர்கள் வரையறுத்தார்கள். அப்போதும் கண், சிறுநீரகப் பரிசோதனைகள் வருடாவருடம் உண்டு. எச்பிஏ1சியையும் கண்மூடி நம்ப வேண்டாம்: சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் குறைத்துக் காட்டலாம், இரும்புச் சத்துக் குறைவு கூட்டிக் காட்டலாம்.

சர்க்கரை நோயே இல்லாதவர் தவறுதலாக கிளிமிபிரைடு விழுங்கிவிட்டால், குறிப்பாகக் குழந்தை, ஒரே மாத்திரை என்றாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சர்க்கரை பல மணி நேரம் கழித்துக்கூட இறங்கும், ஒரு முறை ஏற்றிவிட்டாலும் திரும்ப விழும். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.