தண்ணீர்த் திரை பிடிக்காதது

தோலுக்குக் கடைசிப் பூச்சு கொடுக்கும் பினிஷிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஸ்ப்ரே அறைக்குப் புதிதாக வருகிறவர்கள், உள்ளே தண்ணீர்த் திரை வழிவதைப் பார்த்ததுமே மாசுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தோலில் படாமல் பறக்கிற சாயத் துளிகளை அந்தத் தண்ணீர் பிடிக்கிறது, உண்மைதான். தொட்டியில் நிறம் தெரியும், அடியில் வண்டல் சேரும். ஆனால் லேக்கர் என்கிற பூச்சில் இருக்கும் பியூட்டைல் அசிடேட், டொலுவீன் ஆகிய கரைப்பான்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. ஆவியாகித் திரையைத் தாண்டிப் போய்விடும். பிசினும் நிறமியும்தான் தோலில் தங்கும். கரைப்பான் கொஞ்சம் ஸ்ப்ரே அறையிலும் மிச்சம் உலர்த்தும் டனலிலுமாகக் காற்றில் கலக்கும். வெளியே போன ஆவி, வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து, நாம் சுவாசிக்கிற உயரத்திலேயே ஓசோனை உண்டாக்குகிறது.

அதனால்தான் புகைபோக்கியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கலவை வாளியைப் பற்றிப் பேசச் சொல்கிறேன். பேஸ் கோட்டை, அதாவது அடிப்பூச்சை, தண்ணீர்க் கலவையில் செய்வது எளிது. மேல்பூச்சான டாப் கோட்டில்தான் கரைப்பான் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரத்துணியால் தேய்த்தாலும் பூச்சு உரியக் கூடாது என்று வாங்குகிறவர் கேட்பார். தண்ணீரில் கலந்த பாலியூரித்தேன் பிசினோடு, அதை இறுக்கிப் பிணைக்கும் கிராஸ்லிங்கர் சேர்த்தால் அந்த உறுதி கிடைக்கும். ஆனால் அந்தக் கிராஸ்லிங்கர் ஐசோசயனேட் வகையாக இருந்தால், அதன் தூவல் நுரையீரலுக்குள் போய் ஆஸ்துமாவை உண்டாக்கலாம். "தண்ணீர்ப் பூச்சுதானே, சாதாரண முகமூடி போதும்" என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர்க்காற்றைக் காப்பாற்றுகிறோம் என்று ஸ்ப்ரே ஆளைப் பலி கொடுக்கக் கூடாது.

அடுத்தது பூச்சைத் தூவும் துப்பாக்கி, அதாவது ஸ்ப்ரே கன். தோல் செவ்வகமாக வருவதில்லை. காலும் கழுத்தும் நீட்டிக்கொண்டு, நடுவில் இடைவெளி விட்டுத்தான் பெல்ட்டில் வரும். அந்த இடைவெளியில் கன்னை நிறுத்தத்தான் சென்சார் கண் இருக்கிறது. அதன்மேல் பூச்சு படிந்துவிட்டால் வெற்று பெல்ட்டுக்கும் சேர்த்து அடித்துக்கொண்டே இருக்கும். தினமும் துடைக்க வேண்டிய பொருள் அது. அழுத்தம் குறைந்த எச்.வி.எல்.பி. கன்னுக்கு மாறினால் சிதறல் குறையும். தட்டையான தோலுக்கு, உருளையால் பூசும் ரோலர் கோட்டர் போட்டால் சிதறல் பேச்சே கிட்டத்தட்ட இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுகிற ஆவியைத்தான், அதை உறிஞ்சிப் பிடிக்கும் கார்பன் படுகைக்கோ எரித்துவிடும் எரிப்பானுக்கோ அனுப்ப வேண்டும். கார்பனில் கீட்டோன் வகைக் கரைப்பானின் ஆவி சேர்ந்தால் படுகை சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. வெப்பநிலையைக் கண்காணிக்காமல் அதை ஓட்டவே கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், காற்றில் விடக்கூடிய கரைப்பானின் வரம்பைப் பூச்சு பூசிய தோலின் பரப்பளவுக்கு இவ்வளவு என்று வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். ஆண்டுக்கு 25 டன்னுக்கு மேல் கரைப்பான் செலவழிக்கும் ஆலை என்றால் சதுர மீட்டருக்கு 75 கிராம். சோபாத் தோலுக்கும் பை, பெல்ட் போன்ற சிறு பொருள்களின் தோலுக்கும் 150 கிராம். இப்படிக் கேட்கும்போது எதையும் மறைக்க முடியாது. வாங்கிய கரைப்பானிலிருந்து கிடங்கில் இருப்பதையும் கழிவாக அனுப்பியதையும் கழித்தால், மிஞ்சுவது பெரும்பாலும் காற்றில் போனதுதான். மூடாத டிரம், கன் கழுவிய தின்னர், துடைத்துப் போட்ட துணி எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிடும். கழுவுவதற்கு எடுக்கிற தின்னரை மட்டுமாவது நோட்டில் தனிப்பத்தியில் எழுதுங்கள். முதலில் குறைக்க வேண்டியது அதைத்தான்.