பி.இ.யோடு பி.எஸ்.ஸும்: சேருமுன் போட வேண்டிய கணக்கு

கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. படித்துக்கொண்டே ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பட்டப்படிப்பான பி.எஸ். டேட்டா சயின்ஸிலும் சேரலாமா? இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களாகச் சொல்கிறோம்: முதலில் காலண்டரைப் பாருங்கள், பாடத்திட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அனுமதி பற்றிய கவலை பெரும்பாலும் தேவையில்லை. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒரு பட்டத்தை நேரிலும் இன்னொன்றை ஆன்லைனிலும் ஒரே சமயத்தில் படிக்கலாம்.

பி.எஸ்.ஸில் ஒரு பாடம் பொதுவாக 4 கிரெடிட், வாரம் சுமார் 10 மணி நேரம் கேட்கும். ஆண்டுக்கு மூன்று டெர்ம்: ஜனவரி, மே, செப்டம்பர். டெர்முக்கு இரண்டு பாடம் எடுத்தால் நான்கு ஆண்டில் 96 கிரெடிட். இதே படிப்பில் இடையில் பெறக்கூடிய பி.எஸ்சி. பட்டத்துக்கு 114, முழு பி.எஸ்.ஸுக்கு 142 வேண்டும். ஆக, இந்த வேகத்தில் பி.இ. முடியும்போது முதல் நிலையான 32 கிரெடிட் ஃபவுண்டேஷனும் அடுத்த நிலையான தலா 27 கிரெடிட் டிப்ளமோ இரண்டும் கையில் இருக்கும். அந்தந்த நிலையில் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதால் இது வீண் போகாது. நான்கே ஆண்டில் முழுப் பட்டமும் வேண்டுமென்றால் டெர்முக்கு மூன்று பாடம், வாரம் 30 மணி நேரம். கல்லூரி பஸ்ஸிலேயே தினம் மூன்று மணி நேரம் போகிறவருக்கு அது நடக்காது.

சிக்கல் வருவது டிசம்பரிலும் ஏப்ரலிலும். செப்டம்பர் டெர்மின் இறுதித் தேர்வு அண்ணா பல்கலைக்கழக நவம்பர்-டிசம்பர் தேர்வோடு மோதும். ஜனவரி டெர்முடையது ஏப்ரல்-மே தேர்வோடு. குவிஸ்களும் இறுதித் தேர்வும் ஞாயிற்றுக்கிழமை, நேரில் போய் எழுத வேண்டும். திங்களன்று செமஸ்டர் பேப்பர் இருந்தால் இரண்டில் ஒன்று அடிவாங்கும், அரியர் விழுவதும் இப்படித்தான். எல்லா டெர்மிலும் ஒரே எண்ணிக்கையில் பாடம் எடுக்காதீர்கள். மே டெர்மில் மூன்று, மற்ற இரண்டிலும் ஒன்று அல்லது இரண்டு என்று வையுங்கள்.

இனி, இரண்டு படிப்பும் நெருக்கமாக இருப்பது லாபமா? பாதிதான். டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்), ஜாவா, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எல்லாம் இரண்டிலும் வரும். கல்லூரியில் படித்ததைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ள முடியாது. படிக்கும் நேரம் குறையும், அசைன்மென்ட் குறையாது. உண்மையில் புதிதாகக் கிடைப்பது புள்ளியியலும் மெஷின் லேர்னிங்கின் கணித அடித்தளமும். அவை வேண்டாம் என்பவர், கோடிங்குக்காக மட்டும் இதில் சேர வேண்டாம். அவருக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் உள்ள, பி.இ.யோடு கூடுதலாக எடுக்கும் 18 கிரெடிட் ஹானர்ஸ் அல்லது மைனர் போதும். தகுதி இருந்தால் சொந்தக் கல்லூரியிலேயே முடியும். மெக்கானிக்கல் மாணவருக்கோ பி.எஸ்சி. கணிதம் படிப்பவருக்கோ கதை வேறு. அவர்களுக்குப் பெரும்பாலான பாடங்கள் புதியவை, அந்த உழைப்புக்குப் பலன் அதிகம்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? பி.எஸ்.ஸில் சேருவதற்கான தகுதிச் சுற்றான குவாலிஃபையர் நான்கு வாரம், நான்கு பாடம். அதை லீவில் எழுதாமல், கல்லூரியில் இன்டர்னல் தேர்வு நடக்கிற மாதத்தில் எழுதிப் பாருங்கள்.